சின்ன எழுத்தில் இருக்கும் பெயர்கள்: பாலக்காட்டு எல்லையிலிருந்து ஜாஸ் சேகரிக்க ஒரு முழு வழிகாட்டி

ஜாஸ் இசைத்தட்டு சேகரிப்பது என்றால் நியூயார்க்கிலோ டோக்கியோவிலோ இருக்கும் காசுக்காரர்களின் காரியம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. வாளையாருக்கு அந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, சித்தூரிலோ, இந்தப் பக்கம் போத்தனூர், பொள்ளாச்சியிலோ இருந்துகொண்டும் தாராளமாகச் செய்யலாம். நமக்குச் சில வசதிகள்கூட உண்டு. போத்தனூரிலும் ஒலவக்கோட்டிலும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்த ரயில்வே காலனிகள் இருக்கின்றன. மேலே வால்பாறை, மூணாறில் துரைமார் ஆடிப் பாடிய தோட்டத்து கிளப்புகள் இருக்கின்றன. சில மணி நேர ரயில் பயணத்தில் கொச்சி. இந்த வீடுகளுக்கெல்லாம் ஒரு காலத்தில் கிராமபோனும் தட்டுகளும் வந்து சேர்ந்தன.

நான் இந்த வழிகாட்டியில் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான். முன்அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பவரை உலகம் பார்த்துக்கொள்ளும். பின்அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் பேஸ் (கனத்த ஒலி தரும் பெரிய தந்திவாத்தியம்) வாசித்தவர், டிரம்ஸ் வாசித்தவர், இரண்டாவது டிரம்பெட் வாசித்தவர் ஆகியோரின் பெயர்களைப் பிடித்துக்கொண்டு போங்கள். செலவும் குறையும், கிடைப்பதும் அதிகம்.

1. வாங்காமல் கேட்பது

முதல் சில மாதம் எதையும் வாங்க வேண்டாம். இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் பழைய 78 வேகத் தட்டுகளை (நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுபவை) ஆயிரக்கணக்கில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். மற்றவை யூடியூபில் கிடைக்கும். ஜாஸில் காலத்துக்கு ஒரு பாணி: 1920களின் நியூ ஆர்லியன்ஸ், சிகாகோ, 30களின் ஸ்விங், 40களின் பீபாப், 50, 60களின் ஹார்ட் பாப், அதற்குப் பிறகு வந்த கட்டற்ற ஜாஸ். ஒவ்வொன்றிலும் பத்துத் தட்டாவது கேளுங்கள். எது காதில் ஒட்டுகிறதோ அங்கே நில்லுங்கள். எல்லாவற்றையும் சேகரிக்கிறேன் என்று கிளம்பினால் வீட்டில் இடமும் போகும், மனைவியின் பொறுமையும் போகும்.

2. ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு நடப்பது

இது எப்படி நடக்கும் என்பதற்கு நம் ஊர்ப்பக்கத்திலிருந்தே ஓர் உதாரணம். போத்தனூரைத் தாண்டிப் போனால் செட்டிபாளையம். அங்கே 1914-இல் பிறந்தவர் சுவாமி சச்சிதானந்தா. பிறகு அமெரிக்கா போய், 1969-இல் வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கி வைத்துப் பேசியவர். கணவரும் புகழ்பெற்ற ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞருமான ஜான் கோல்ட்ரேன் இறந்த துயரத்தில் இருந்த ஆலிஸ் கோல்ட்ரேன் அவரைக் குருவாக ஏற்றார். 1971-இல் இம்பல்ஸ் நிறுவனம் வெளியிட்ட தம் இசைத்தட்டுக்கு 'ஜர்னி இன் சச்சிதானந்தா' என்றே பெயர் வைத்தார். ஹார்ப் என்ற பெரிய யாழ்போன்ற கருவியை வாசிப்பவர் ஆலிஸ். தம்புராவின் நாதம் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். ஃபாரோ சாண்டர்ஸின் சோப்ரானோ சாக்ஸஃபோன் அதன் மேல் மிதந்து வரும். இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை.

இப்போது பின்அட்டையைத் திருப்புங்கள். பேஸ்: செசில் மெக்பீ. டிரம்ஸ்: ரஷீத் அலி. தம்புரா: துளசி என்று ஒற்றைப் பெயர். செசில் மெக்பீ வேறு எந்தெந்தத் தட்டுகளில் வாசித்திருக்கிறார் என்று தேடினாலே ஒரு வருடத்துக்குக் கேட்க இசை கிடைத்துவிடும். அப்புறம், ஜாஸில் ஹார்ப் வாசித்த பெண் ஆலிஸ் மட்டும்தானா என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கு முன்பே, அதே டெட்ராய்ட் நகரத்திலிருந்து டோரத்தி ஆஷ்பி வந்திருக்கிறார். 1950களிலேயே ஹார்ப்பில் பீபாப் வாசித்தவர். 1968-இல் வந்த அவருடைய 'ஆஃப்ரோ-ஹார்ப்பிங்' தட்டு பல பத்தாண்டுகள் கழித்து, ஹிப்-ஹாப் இளைஞர்கள் அதிலிருந்து துண்டு துண்டாக எடுத்துப் பயன்படுத்திய பிறகுதான் பரவலாகப் பேசப்பட்டது.

இன்னொரு நூலும் நம் பக்கம் வருகிறது. பாஸ்டனில் பிறந்த சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி மரியானோ (1923–2009) மலேசியாவில் இருந்தபோது நாதஸ்வரத்தைக் கேட்டு மயங்கி, அதை முறையாகக் கற்று, தம் தட்டுகளிலும் வாசித்தார். 1983-இல் பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு சேர்ந்து இசிஎம் நிறுவனத்துக்காக 'ஜோதி' என்ற தட்டைப் பதிவு செய்தார். அதில் ஆர். ஏ. ராமமணியின் குரலும் டி. ஏ. எஸ். மணியின் மிருதங்கமும் உண்டு. கொன்னக்கோல் கேட்டு வளர்ந்த காதுக்கு ஜாஸுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, அமான்சியோ டி'சில்வா. கோவாக் குடும்பத்தில் பம்பாயில் பிறந்த கிடாரிஸ்ட். 1969-இல் லண்டனில், ஜமைக்காவில் பிறந்த சாக்ஸஃபோன் கலைஞர் ஜோ ஹேரியட்டோடு 'ஹம் தோனோ' என்ற தட்டைச் செய்தார். 1972-இல் அவர் பதிவு செய்த 'கொங்கண் டான்ஸ்' வெளிவந்தது 2006-இல். அவர் 1996-இலேயே இறந்துவிட்டார்.

3. தட்டு வகைகள்

78 வேகத் தட்டு அரக்கால் ஆனது. 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம். பழைய ஜாஸ் பாட்டுகள் எல்லாம் அந்த அளவுக்குள் அடங்குவது அதனால்தான். அந்த அரக்கு பெரும்பாலும் நம் நாட்டிலிருந்து போனது. இரண்டாம் உலகப் போரில் வரத்து தடைப்பட்டதும், அமெரிக்காவில் பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி உருக்கினார்கள். அந்தக் காலச் சில பதிவுகள் அரிதாகிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். கூடவே 1942 ஆகஸ்டு முதல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் பதிவுக்கூடங்களைப் புறக்கணித்தது. பெரிய நிறுவனங்கள் எல்லாம் இறங்கி வர 1944 ஆகிவிட்டது. பீபாப் முளைத்த காலம் அது. அதன் முதல் வருடங்கள் தட்டில் அதிகம் ஏறவில்லை.

1948-இல் கொலம்பியா நிறுவனம் வினைல் எல்பியை, அதாவது 33 வேகத்தில் நீண்ட நேரம் ஓடும் தட்டைக் கொண்டுவந்தது. மறுவருடம் ஆர்சிஏ விக்டர் 45 வேகத் தட்டைக் கொண்டுவந்தது. நம் நாட்டில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சானவை. லேபிளில் பார்த்தால் தெரியும். வெளிநாட்டு ஒரிஜினலைத்தான் வாங்குவேன் என்று சிலர் அடம்பிடிப்பார்கள். அது வேறு வியாபாரம். இசைதான் வேண்டும் என்றால் மறுபதிப்பும் சிடியும் போதும், சில நேரம் ஒலியும் மேல்.

கேசட்டையும் ஸ்பூல் டேப்பையும் ஒதுக்காதீர்கள். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியில் 1955 முதல் வில்லிஸ் கோனோவர் நடத்திய ஜாஸ் நிகழ்ச்சியைச் சிற்றலையில் கேட்டவர்கள் நம் நாட்டிலும் இருந்தார்கள். அதைப் பதிவு செய்து வைத்தவர் யாராவது உங்கள் ஊரிலேயே இருக்கலாம்.

4. கருவி

33, 45, 78 என மூன்று வேகமும் உள்ள டர்ன்டேபிள் ஒன்று, இரண்டு முள். இதில் கஞ்சத்தனம் கூடாது. எல்பியின் கோடு குறுகலானது, 78-இன் கோடு அகலமானது. 78-க்கு சுமார் 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு முள் வேண்டும். எல்பி முள்ளை 78-இல் வைத்தால் அது கோட்டின் அடியில் உள்ள அழுக்கைக் கீறிக்கொண்டு போகும், இரைச்சல்தான் கேட்கும். சாவி கொடுத்து ஓட்டும் பழைய கிராமபோன் கிடைத்தால் அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் கை 100 கிராமுக்கு மேல் அழுத்தும், இரும்பு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். வினைல் தட்டை அதில் போட்டால் ஒரே ஓட்டத்தில் நாசம்.

5. எங்கே தேடுவது

முதலில் காயலான் கடை. பாலக்காட்டுப் பக்கம் ஆக்ரிக்கடை. வீட்டைக் காலி செய்பவர்கள் பேப்பரோடு பேப்பராகத் தட்டுகளையும் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். கடைக்காரரிடம் நம்பரைக் கொடுத்து, "சேட்டா, பாட்டுத் தட்டு வந்தா எடைக்குப் போடாம ஒரு போன் பண்ணுங்க, பழைய பேப்பர் விலைக்கு மேல தர்றேன்" என்று சொல்லி வையுங்கள். ஜாஸ் என்று சொல்லாதீர்கள். சொன்னால் ஒன்றும் கிடைக்காது, அல்லது விலை ஏறும். எல்லாத் தட்டையும் வாங்கிக்கொள்கிறேன் என்றால்தான் கூப்பிடுவார்கள். நாற்பது பக்திப் பாடல் தட்டுக்கு நடுவில் ஒரு டெடி வெதர்ஃபோர்ட் இருந்தால் லாபம்தான்.

யார் இந்த வெதர்ஃபோர்ட்? சிகாகோவில், பின்னால் உலகப் புகழ்பெற்ற டிரம்பெட் கலைஞரான இளம் லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு ஒரே குழுவில் பியானோ வாசித்தவர். 1926-இல் ஆசியாவுக்குக் கப்பலேறினார். போர்க்காலத்தில் கல்கத்தா கிராண்ட் ஹோட்டலில் இசைக்குழு நடத்தி, கொலம்பியா லேபிளுக்காக அங்கேயே தட்டுகளும் பதிவு செய்தார். 1945-இல் அதே ஊரில் காலராவில் இறந்தார். அமெரிக்காவில் அவரை மறந்தே போனார்கள். அவருடைய கல்கத்தாத் தட்டுகள் அமெரிக்காவைவிட இந்தியாவில் கிடைக்கவே வாய்ப்பு அதிகம். கோவாவைச் சேர்ந்த டிரம்பெட் கலைஞர் சிக் சாக்லேட்டின் 78 தட்டுகளும் அப்படித்தான். அன்டோனியோ சேவியர் வாஸ் என்பது அவருடைய சொந்தப் பெயர். 1951-இல் வந்த 'அல்பேலா' இந்திப் படத்தின் பாட்டுகளில் ஒலிப்பது அவருடைய ஊதல்.

அதனால் சினிமாத் தட்டுகளையும் ஒதுக்க வேண்டாம். பம்பாயிலும் சென்னையிலும் ஸ்டுடியோக்களில் சாக்ஸ், டிரம்பெட், டிரம்ஸ் வாசித்தவர்களில் பலர் இரவில் ஹோட்டல்களில் ஜாஸ் வாசித்தவர்கள். தட்டில் இசையமைப்பாளர், பாடகர் பெயர் இருக்கும், வாசித்தவர் பெயர் இருக்காது. சின்ன எழுத்தில்கூட இல்லாத பெயர்கள் அவை.

அடுத்தது சவுண்டு சர்வீஸ்காரர்கள். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக்செட் கட்டிய பழைய கடைகளின் பரணில் மூட்டை மூட்டையாகத் தட்டு இருக்கும். தேய்ந்துதான் இருக்கும், ஆனாலும் பாருங்கள். கிளப்புகளில் நேராகப் போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள். உறுப்பினர் ஒருவரைப் பிடித்துச் செயலாளருக்குக் கடிதம் எழுதுங்கள். கொச்சி மட்டாஞ்சேரியின் பழம்பொருள் கடைகளில் சுற்றுலாப் பயணிக்கான விலை சொல்வார்கள். பேரம் பேசத் தெரிந்தால் போங்கள். கல்கத்தாவின் ஃப்ரீ ஸ்கூல் தெரு, பம்பாயின் சோர் பஜார் போன்ற இடங்களில் விவரம் தெரிந்தவர்களே விற்கிறார்கள். அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை, தேர்வுக்கு உண்டு.

ரயில்வே காலனி வீடுகள் இதிலெல்லாம் சேராது. அங்கே தட்டை மட்டும் குறிவைத்துப் போகக் கூடாது. பலருடைய பிள்ளைகள் ஆஸ்திரேலியாவிலோ இங்கிலாந்திலோ இருப்பார்கள். தெரிந்தவர் மூலம் அறிமுகமாகி, உட்கார்ந்து பேசுங்கள். "ஆன்ட்டி, ரயில்வே இன்ஸ்டிட்யூட்ல டான்ஸ் நடக்கும்போது யார் வாசிப்பாங்க?" என்று கேளுங்கள். "ஜாஸ் இருந்ததா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். அவர்களுக்கு அது டான்ஸ் பேண்ட், ஃபாக்ஸ்ட்ராட் என்ற ஜோடி நடனம். ஆல்பத்தை எடுத்துக் காட்டினால் போட்டோவின் பின்பக்கத்தைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பெயரும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் பென்சிலில் இருக்கும்.

6. வாங்கும்போது பார்ப்பது

தட்டை ஓரத்தில் மட்டும் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மயிரிழைக் கீறல் பரவாயில்லை. நகத்தால் தடவினால் தட்டுப்படும் கீறல் கட்டாயம் சத்தம் போடும். 78-ஐ விரலில் தொங்கவிட்டு மெல்லத் தட்டினால் நல்ல தட்டு கணீரென்று ஒலிக்கும், விரிசல் உள்ளது மழுங்கி ஒலிக்கும். கோடுகள் சாம்பல் நிறமாக வெளுத்திருந்தால் இரும்பு ஊசி தின்றுவிட்டது என்று அர்த்தம். கடைசிக் கோட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பதிவு என்று காட்டும் மேட்ரிக்ஸ் எண் அதுதான். லேபிள் பொய் சொன்னாலும் அது சொல்லாது.

நடுத்துளைக்குள் உலோகம் மின்னினால் கவனம். அது கடையில் விற்ற தட்டு அல்ல, நேரடியாக வெட்டிப் பதிவு செய்த லாக்கர் தட்டு. உலகத்தில் அந்த ஒரு பிரதிதான் இருக்கலாம். கழுவாதீர்கள், ஓட்டாதீர்கள். விவரம் தெரிந்தவர் கையில் கொடுத்து முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிவு செய்ய வேண்டும்.

7. இடவப்பாதிக்கு (ஜூனில் தொடங்கும் பருவமழைக்கு) முன் கழுவி அடுக்குவது

வெளிநாட்டு வழிகாட்டிகள் எதிலும் நம் ஊர்ப் பருவநிலைக்கு வைத்தியம் கிடையாது. மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டுக் கணவாயில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஓட்டுவீட்டுப் பரணிலோ மூடிய காரிலோ வைத்த வினைல் அப்பளம்போல வளைந்துவிடும். ஜூனில் மழை பிடித்தால் எதிலும் பூஞ்சை. இரண்டுக்கும் நடுவில் கரையான்.

கழுவும் வேலையை மே மாதத்துக்குள் முடியுங்கள். பூஞ்சை பிடித்த தட்டை வீட்டுக்குள் கொண்டு வராமல், வெளியில் முகக்கவசம் போட்டு மென்மையான பிரஷால் துடையுங்கள். வினைலைக் காய்ச்சி வடித்த தண்ணீரில், அதாவது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில், வாசனை இல்லாத மென்மையான சோப்பு இரண்டு சொட்டு விட்டு, கோட்டின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்கள். 78-க்கு ஆல்கஹால் கலந்த எதையும் பயன்படுத்தவே கூடாது. அரக்கு அதில் கரையும். கண்ணெதிரே கோடு மறைந்து போகும். தண்ணீரிலும் ஊறப் போட வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். லேபிளில் தண்ணீர் படக் கூடாது.

தட்டுகளை நிமிர்த்தி அடுக்குங்கள். படுக்கப் போட்டால் அடித்தட்டு வளையும், 78 என்றால் உடையும். மர அலமாரியைவிட இரும்பு அலமாரி மேல். சுவரிலிருந்து அரை அடி தள்ளி, தரையிலிருந்து அரை அடி உயரத்தில் வையுங்கள். பழைய உள்ளுறையைத் தூக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள், ஆனால் அதில் யாராவது கிறுக்கியிருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். கடைப் பெயர் முத்திரைகூட ஒரு தடயம். பிளாஸ்டிக் பையில் இறுக்கி மூடாதீர்கள். ஈரம் உள்ளேயே நின்றுவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அலமாரியில் போட்டு, வெயில் நாளில் எடுத்துக் காய வைத்து மறுபடி போடுங்கள். மழை விட்ட நாட்களில் அலமாரியைத் திறந்து வைத்து ஃபேனை ஓட விடுங்கள்.

8. கணினிக்கு மாற்றுவது

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்து, சுத்தம் செய்யாத மூலத்தை அப்படியே, ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்பு வடிவில் வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சல் நீக்குவதை அதன் நகலில் மட்டும் செய்யுங்கள். ஆர்வக்கோளாறில் நீக்கினால் சிம்பலின் ஓசையும் சேர்ந்து போய்விடும். 1954-இல் ஆர்ஐஏஏ என்ற பொதுத் தரம் வருவதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு ஒலிச்சமன் (கீழ் ஒலியையும் மேல் ஒலியையும் கூட்டிக் குறைக்கும் அளவு) வைத்திருந்தது. அதனால் பழைய 78 மந்தமாகவோ கீச்சென்றோ கேட்டால் தட்டின் மேல் பழி போட வேண்டாம். சமனை மாற்றிப் பாருங்கள்.

9. பதிவேடு

ஒரு எக்ஸெல் கோப்பு. லேபிள், தட்டு எண், மேட்ரிக்ஸ் எண், பாட்டு, வாசித்தவர் ஒவ்வொருவர் பெயரும், பதிவான தேதி, எங்கே யாரிடம் வாங்கியது, தட்டின் நிலை. வாசித்தவர்களுக்கு ஆளுக்கொரு வரி கொடுங்கள். பிறகு ஒரு பெயரைத் தேடினால் அவர் எங்கெங்கே தலைகாட்டுகிறார் என்று தானாகத் தெரியும்.

10. மறந்துபோனவரைத் தேடுவது

டிஸ்காக்ஸ் தளத்தில் பின்னணிக் கலைஞர் பெயரைச் சொடுக்கினால் அவர் வாசித்த தட்டுகளின் பட்டியல் வரும். அமெரிக்க 78 தட்டுகளுக்கு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகம் நடத்தும் இலவசத் தரவுத்தளத்தில் மேட்ரிக்ஸ் எண்ணைப் போட்டாலே பதிவு நாளும் பல நேரம் வாசித்தவர்களும் கிடைக்கும். இந்தியத் தட்டுகளுக்கு இந்த வசதி மிகக் குறைவு. நீங்கள் குறித்து வைப்பதே முதல் குறிப்பாக இருக்கலாம்.

ஆட்கள் எப்படி மறந்து போகிறார்கள் என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் தெரியும். சிலருடைய தட்டு வெளியே வரவே இல்லை. டெனர் சாக்ஸ் வாசித்த டீனா புரூக்ஸ் (1932–1974) ப்ளூ நோட் நிறுவனத்துக்கு நான்கு முறை தலைமையேற்றுப் பதிவு செய்தார். உயிரோடு இருந்தபோது வந்தது 1960-இன் 'ட்ரூ ப்ளூ' மட்டுமே. சிலருடைய தட்டு வந்தும் விற்கவில்லை. பியானோ கலைஞர் ஹெர்பி நிக்கல்ஸ் 1955, 56-இல் அதே நிறுவனத்துக்குச் செய்தவை அப்படி. 1963-இல் 44 வயதில் இறக்கும்வரை வயிற்றுப்பாட்டுக்கு வேறு பாணி இசை வாசித்தார். சிலருடையது எரிந்தே போனது. ஹசான் இப்னு அலி 1965-இல் அட்லாண்டிக் நிறுவனத்துக்குச் செய்த பதிவின் நாடா 1978 கிடங்குத் தீயில் அழிந்தது. ஆனால் எங்கோ ஒரு நகல் இருந்து, 2021-இல் வெளியே வந்தது.

ஆளே காணாமல் போனதும் உண்டு. சன்னி ரோலின்ஸ், ஆல்பர்ட் அய்லர் போன்ற பெரிய சாக்ஸஃபோன் கலைஞர்களோடு பேஸ் வாசித்த ஹென்றி கிரைம்ஸ் 60களின் கடைசியில் மறைந்தார். செத்துவிட்டார் என்றே பலரும் நினைத்தார்கள். 2002-இல் ஒரு ரசிகர் அவரை லாஸ் ஏஞ்சலீஸில் சின்ன அறையொன்றில் கண்டுபிடித்தார். கையில் பேஸ் இல்லை. இன்னொரு பேஸ் கலைஞர் வில்லியம் பார்க்கர் ஒன்றை அனுப்பி வைத்தார். கிரைம்ஸ் மறுவருடமே மேடை ஏறி, அதன்பின் பல வருடம் வாசித்தார். 2020-இல் இறந்தார். கண்டுபிடித்தவர் நிறுவனமோ பல்கலைக்கழகமோ அல்ல, பெயரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு தனி ஆள்.

நம் பக்கத்தில் இப்படித் தேட வேண்டியவர்கள் தேவாலய பாடகர் குழுவை நடத்தியவர்கள், போலீஸ் பேண்ட், கல்யாண பேண்ட், சர்க்கஸ் பேண்டில் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் ஊதியவர்கள். தலச்சேரி சர்க்கஸ் கம்பெனிகளுக்குப் பேர் போன ஊர். கூடாரத்தில் வாசித்த பேண்ட்காரர்களை யாரும் முறையாகப் பட்டியல் போட்டதாகத் தெரியவில்லை. தேவாலயத்தின் பங்குப் பதிவேடு, பழைய நிகழ்ச்சி அழைப்பிதழ், ஹோட்டல் விளம்பரம் வந்த நாளிதழ் ஆகியவற்றைப் பாருங்கள்.

பெரியவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள், ஆனால் அப்படியே எழுதிவிடாதீர்கள். நியூ ஆர்லியன்ஸ் டிரம்பெட் கலைஞர் பங்க் ஜான்சன் இதற்கு நல்ல பாடம். 1930களின் கடைசியில் ஆராய்ச்சியாளர்கள் அவரை லூசியானாவின் ஒரு சின்ன ஊரில் கண்டுபிடித்தார்கள். பல்லில்லாமல் ஊத முடியாத அவருக்குப் பல் கட்டிக் கொடுத்து, டிரம்பெட் வாங்கிக் கொடுத்து, 1942-இல் முதல் தடவையாகப் பதிவு செய்தார்கள். வாசிப்பு உண்மை. ஆனால் 1879-இல் பிறந்தேன் என்று அவர் சொன்னதை நம்பி ஜாஸின் தொடக்கத்துக்கே தேதி குறித்தார்கள். பிற்கால ஆய்வாளர்கள் பத்து வருடம் குறைத்து 1889 என்கிறார்கள். ஒரு தகவலுக்குத் தாளில் ஓர் ஆதாரமாவது கிடைக்கும்வரை 'அவர் சொன்னது' என்றே குறித்து வையுங்கள்.

11. உரிமை

வலையேற்றும் முன் இதைப் பாருங்கள். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். 1960-இல் வெளியானது 2020 முடிவில் விடுபட்டது. பாட்டை எழுதியவரின் உரிமை தனிக்கணக்கு; அவர் இறந்து 60 வருடம் ஓட வேண்டும். அமெரிக்காவில் 1923-க்கு முந்தைய பதிவுகள் 2022-இல் விடுபட்டன. 1923-இல் வந்தவை 2024-இல், அதன்பின் ஆண்டுக்கு ஓர் ஆண்டாக. வீட்டில் பதிவு செய்த ஸ்பூல், கேசட் என்றால் சட்டத்துக்கு முன் குடும்பத்தாரிடம் கேளுங்கள்; எழுத்தில் வாங்கிக்கொண்டு, அவர்களுக்கு ஒரு பென் டிரைவில் முழுப் பிரதியும் கொடுங்கள். ஏற்றும்போது லேபிளின் இரண்டு பக்கப் படமும், மேட்ரிக்ஸ் எண்ணும், தெரிந்த அத்தனை பேரின் பெயரும் போடுங்கள். வாசித்தவர் யாரென்று தெரியாத இடத்தில் 'சாக்ஸ்: தெரியவில்லை' என்று ஒரு வரியைக் காலியாக விட்டு வைத்தால், அவரைத் தெரிந்தவர் யாராவது என்றைக்காவது பார்த்து எழுதுவார்.